குகைக்கு மூடியாக இருந்தவன்

சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது. நான் ஒருமுறை ஒரு குகைக்கு மூடியாக இருந்திருக்கிறேன். உவமைக்காகச் சொல்லவில்லை. எண்ணெய்க் குப்பிக்குத் தக்கை எப்படியோ அப்படி. உள்ளே மதுரையிலிருந்து வந்த ஒரு குடும்பம், எட்டுப் பேர். வெளியே எங்கள் வேன் டிரைவர் ஷாஜி. நடுவில், இரண்டு பக்கத்துக்கும் உபயோகமில்லாமல், நான்.

கொச்சங்காடியில் நம் வழிகாட்டிகள் கூடும் மாடி அறைக்குப் போன வாரம் வந்திருந்தேன். கீழே கிடங்கிலிருந்து வழக்கம்போல் சுக்கு நெடி ஏறிக்கொண்டிருந்தது. புதிதாக பேட்ஜ் மாட்டிய நீங்கள் ஆறேழு பேர் என்னைச் சூழ்ந்துகொண்டு, "சேட்டா, இத்தனை வருஷம் மட்டாஞ்சேரில சுத்திக் காட்டியிருக்கீங்க, எங்களுக்கு ஏதாவது எழுதித் தாங்களேன்" என்றீர்கள். அதனால் எழுதுகிறேன். உங்களில் பாதிப் பேர் தமிழ் பேசுவீர்கள், ஆனால் படிப்பது மலையாளத்தில்தான் என்பது தெரியும். படிக்கத் தெரிந்தவர் மற்றவர்களுக்கு வாசித்துக் காட்டவும். இடையிடையே மூச்சு விடவும். மூச்சு விடுவது இந்தத் தொழிலில் எவ்வளவு முக்கியம் என்பது பின்னால் வரும்.

என்னை ஓய்வு பெற்றவன் என்று சொல்கிறார்கள். ஓய்வு பெற்றது முழங்கால். நான் அதற்குத் துணையாகப் போனவன்.

குகைக் கதைக்கு முன்னால் படகுத்துறைக் கதை. நான் புதிதாகச் சேர்ந்தபோது எங்களுக்குச் சொல்லிக் கொடுத்தது ஒன்றே ஒன்றுதான்: தலையை எண்ணு. வேனில் ஏறும்போது எண்ணு, இறங்கும்போது எண்ணு, கோயிலில் எண்ணு, கழிப்பறையில் எண்ணு. நான் அதில் கெட்டிக்காரன். ஒருநாள் மட்டாஞ்சேரி படகுத்துறையில் பன்னிரண்டு தலைகளை எண்ணி, திருப்தியாக, மிளகுக் கிடங்குத் தெருவுக்கு அழைத்துப் போனேன். சாதிக்காயைப் பற்றி நன்றாகவே பேசினேன். பாதி வழியில் ஒரு பெரியவர், "நாங்க கும்பளங்கிக்குல்ல போகணும்? மீன் வளர்ப்பு எப்பக் காட்டுவீங்க?" என்று கேட்டார். பார்த்தால் அவரும் அவரோடு மூன்று பேரும் வேறு யாருடைய ஆட்களோ. என் ஆட்கள் நாலு பேர் துறையிலேயே வெயிலில் நின்றுகொண்டிருந்தார்கள். எண்ணிக்கை மட்டும் சரியாக இருந்தது.

இதிலிருந்து நான் கற்றுக்கொண்டிருக்க வேண்டும். கற்றுக்கொள்ளவில்லை. ஆகவே குகை.

கொச்சியில் இரண்டு நாள் பார்த்து முடித்தவர்களுக்கு மூன்றாம் நாள் என்ன காட்டுவது என்பது நம் தொழிலின் பழைய தலைவலி. தமிழ்நாட்டிலிருந்து வருகிறவர்கள் சீன வலையை ஒரு காலையில் பார்த்துவிடுவார்கள். படம் எடுத்துக்கொள்வார்கள். "அப்புறம்?" என்பார்கள். அந்த அப்புறத்துக்காக நாங்கள் கிழக்கே மலையடிவாரக் காட்டில் ஒரு குகையைக் கண்டுபிடித்தோம். வண்டி போய் நிற்கும் இடத்தில் வனத்துறைச் சாவடி, அதன் பக்கத்தில் தங்கம்மா சேச்சியின் சாயாக்கடை. அங்கிருந்து ஏற்றத்தில் நடை. அப்போது வனத்துறை வாச்சர் கூடவே வர வேண்டும் என்ற விதி இல்லை. இப்போது இருக்கிறது. அதற்கு நானும் ஒரு காரணமாக இருக்கலாம்.

குகை வாசல் என்பது இரண்டு பாறைகளுக்கு நடுவில் ஒரு இடுக்கு. ஒருக்களித்துத்தான் நுழைய வேண்டும். கீழே போகப் போக இடுக்கு குறுகும், புனல் மாதிரி. வாசலின் உள்பக்கத்தில், ஒரு பெரிய உருண்டைப் பாறைக்கு முட்டுக் கொடுத்தாற்போல் நாலைந்து கற்கள் செருகியிருக்கும். முதல் தடவை போனபோதே தங்கம்மா சேச்சி சொல்லியிருந்தார்: "அந்தக் கல்லுல மட்டும் கை வைக்கண்டா சாரே. அது போனா மேல உள்ளதும் வரும்." உள்ளே நுழைந்துவிட்டால் ஒரு கல்யாண மண்டபத்துச் சமையலறை அளவுக்கு இடம் உண்டு. வௌவால்களும் உண்டு.

அந்தக் குகைக்கு ஒரு கொடிய சரித்திரமும் உண்டு. முன்பு அந்தக் காட்டில் மரம் வெட்ட ஆள் கொண்டுவந்தார்கள். பெரியம்மை பரவியபோது, நோய் கண்ட கூலிக்காரர்களைத் தூக்கிவந்து இந்தக் குகையில் விட்டுவிட்டார்கள். இவ்வளவும் உண்மை. தங்கம்மாவின் அப்பூப்பன், அதாவது தாத்தா, கண்ணால் கண்டவர். அவர் சொன்ன மீதியைத் தங்கம்மா எனக்குச் சொன்னார். நான் அதை மரியாதையாகக் கேட்டுக்கொண்டு, உபயோகமில்லை என்று ஒதுக்கிவிட்டேன். அதில் திடுக்கிட எதுவும் இல்லை. நானோ சரித்திரம் படித்தவன். பொய்யை எந்த இடத்தில் வைத்துத் தைத்தால் தையல் தெரியாது என்பது எனக்குப் பட்டப்படிப்பிலேயே பழகியிருந்தது.

என் கதையில் குகை வாசலைக் கல் வைத்து அடைத்துவிடுவார்கள். ஒவ்வொரு கல்லாக. உள்ளே இருப்பவர்களுக்கு ஒவ்வொரு கல்லும் விழும் சத்தம் கேட்கும். முதலில் வெளிச்சம் போகும், பிறகு மூச்சு முட்டும், பிறகு நகத்தால் பாறையைக் கீறுவார்கள். சுவரில் உள்ள நீரோட்டக் கோடுகளை டார்ச் அடித்துக் காட்டுவேன். பெண்கள் கன்னத்தில் கை வைப்பார்கள். கடைசியில் எல்லா டார்ச்சையும் அணைக்கச் சொல்லிவிட்டு, அவர்களைப் பார்த்தபடியே பின்னால் நடந்து, வாசல் இடுக்கில் நேராக நின்று, ஒரு கையை உயர்த்தி, "இதுதான் கடைசிக் கல்" என்பேன். என் உடம்பு வெளிச்சத்தை மறைக்கும். குகை இருண்டுவிடும்.

வருடத்துக்கு வருடம் அந்த இருட்டு நன்றாகக் கூடி வந்தது. என் நடிப்பு முதிர்ந்து வருகிறது என்று நினைத்தேன். ஷாஜிக்கு வேறு அபிப்பிராயம் இருந்தது. "சாரே, பொறோட்டா கொறச்சு கொறைக்கணும்" என்பான். கலையைப் பற்றி டிரைவருக்கு என்ன தெரியும் என்று இருந்துவிட்டேன்.

மதுரைக் குடும்பம் வந்த அன்று காலை சாரல் அடித்து ஓய்ந்திருந்தது. அந்தக் குடும்பத்தின் மூத்த மாப்பிள்ளை சுந்தர். மின்சாமான் கடை வைத்திருப்பவர். இரண்டு நாளாக நான் எதைக் காட்டினாலும் "இதுல என்ன இருக்கு" என்று கேட்டவர். வெலிங்டன் தீவு கடலைத் தோண்டிய மண்ணால் ஆனது என்று சொன்னதற்கு, "எங்க ஊர்ல கண்மாய் வெட்டுன மண்ணு இதைவிட அதிகம்" என்றார். இப்படிப்பட்ட ஒருவரைப் பயமுறுத்திப் பார்க்க வேண்டும் என்ற ஆசை எனக்கு வந்தது. உங்களுக்கும் வரும். வரும்போது என்னை நினைத்துக்கொள்ளுங்கள்.

அன்று என் வாயில் சரஸ்வதி இருந்தாள். கல் விழும் சத்தத்தை நாக்கால் செய்து காட்டினேன். சுந்தர் மாமனாரின் முழங்கையைப் பிடித்துக்கொண்டதைப் பார்த்தேன். உற்சாகம் தாங்கவில்லை. பின்னால் நடந்து இடுக்கில் ஏறி, கையை உயர்த்தி, "இதுதான் கடைசிக் கல்" என்றேன். பாசியில் குதிகால் வழுக்கியது. ஒரு சாண் கீழே இறங்கி, மார்புக்கும் தொந்திக்கும் இடையில் பாறை பிடித்துக்கொள்ள, பொருந்தி நின்றேன். உயர்த்திய கை உள்ளே. இன்னொரு கை வெளியே.

குகை முழுவதும் இருட்டு. கை தட்டினார்கள்.

அந்தக் கைதட்டலை நான் மறக்க மாட்டேன். என் வாழ்நாளில் கிடைத்ததிலேயே பெரியது. அதை நான் நகர முடியாமல் கேட்டுக்கொண்டிருந்தேன்.

"சூப்பர் சார். லைட்டைப் போட்டுக்கலாமா?" என்றார் சுந்தரின் மனைவி கவிதா.

"போட்டுக்குங்க."

போன்கள் எரிந்தன. எட்டு முகங்கள் என்னைப் பார்த்தன.

"கதை முடிஞ்சிருச்சுல்ல? வழி விடுங்க சார்" என்றார் சுந்தர்.

"ஒரு நிமிஷம்."

"என்ன ஒரு நிமிஷம்?"

"இன்னும் கொஞ்சம் இருக்கு" என்றேன். கதையில் ஒன்றும் மிச்சமில்லை. இடுப்பில்தான் இருந்தது.

உள்ளே வர முயன்றேன். முடியவில்லை. வெளியே போக முயன்றேன். பின்னாலிருந்து ஷாஜியின் குரல் கேட்டது: "எந்தா சாரே, அவ்விடத் தன்னே நிக்கிறது?" நான் காலை உதைத்தேன். அவன் புரிந்துகொண்டான். அவன் சிரிப்பு என் முதுகில் பட்டதை உணர்ந்தேன்.

"சார் மாட்டிக்கிட்டாரு" என்றது உள்ளிருந்து ஒரு குரல்.

அப்போது நான் ஒரு தவறு செய்தேன். "யாரும் பயப்பட வேண்டாம்" என்றேன். இதை எந்தக் காரணத்தைக் கொண்டும் சொல்லாதீர்கள். அதுவரை யாரும் பயப்படவில்லை.

சுந்தர் என் கையைப் பிடித்து இழுத்தார். நான் இன்னும் இறங்கினேன். அவர் மூச்சு வேகமாவது கேட்டது. "காத்து வருதா? இங்க காத்து வருதா? நீங்கதான சொன்னீங்க, அடைச்சதும் மொதல்ல மூச்சு முட்டும்னு."

"அது நான் சேர்த்தது."

"எது?"

"மூச்சு முட்டுறது. என் தலைக்கு மேல பாருங்க, ஒரு சந்து இருக்கு. காத்து நல்லா வரும்."

"அப்ப நகத்தால கீறுனது?"

"அதுவும் நான்தான்."

"அந்தா சொவத்துல கோடு கோடா இருக்கே?"

"அது தண்ணி ஓடின தடம்."

"கல்லு?"

"கல்லே கிடையாதுங்க. இந்த வாசலை யாரும் அடைக்கவே இல்லை."

பிறகு குடும்பத்தின் மூத்தவரான அத்தை பெருமூச்சு விட்டார். "நாம பயந்துறக் கூடாதுன்னு மாத்திச் சொல்றாரு. மாட்டிக்கிட்ட நேரத்துலயும் நம்மளப் பத்தி நினைக்கிறாரு பாரு. தங்கமான மனுஷன்."

பொய் சொன்னபோது ஒரு சந்தேகமும் இல்லாமல் நம்பினார்கள். உண்மையைச் சொன்னதும் தங்கமான மனுஷன் ஆக்கிவிட்டார்கள்.

சுந்தர் அதற்குள் வாசல் ஓரத்துக்கு வந்துவிட்டார். போன் வெளிச்சத்தில் முட்டுக் கற்களைப் பார்த்துவிட்டார். "இதை எடுத்தா இடம் கெடைக்கும்" என்று ஒன்றைப் பிடித்து அசைத்தார். என் காதுக்கு அருகே எங்கோ மண் பொலபொலவென்று உதிர்ந்தது. நேர் கீழே நின்றவர் கவிதா. அவர் தலைமுடியில் மண் விழுந்ததைப் பார்த்தேன்.

"சார், அந்தக் கல்லைத் தொடாதீங்க."

"தொட்டா?"

"மேல உள்ளது இறங்கிரும்."

அவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். முகமெல்லாம் வியர்வை. "இதுவும் கதையா சார்?" என்றார். கேலியாகக் கேட்கவில்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். அவர் கை கல்லின் மேலேயே இருந்தது.

நண்பர்களே, ஒரே ஒருமுறை என்னை ஒருவர் நம்ப வேண்டியிருந்தது. அதற்குக் கொடுக்க என் கணக்கில் ஒரு காசு கூட மிச்சமில்லை. காலையிலிருந்து எல்லாவற்றையும் செலவழித்திருந்தேன். என்ன சொன்னாலும் அது என் வாயிலிருந்து வருவதுதான். ஆகவே வேறு வாய் தேவைப்பட்டது.

அப்போதுதான் தங்கம்மா சொன்னது, உபயோகமில்லை என்று நான் ஒதுக்கியது, நினைவுக்கு வந்தது.

"ஷாஜி," என்று கத்தினேன். "இவங்க பேரைக் கூப்பிடு. ஒவ்வொருத்தரா. உரக்க."

"எந்தினா?"

"எதுக்குன்னு அப்புறம். கூப்பிடு."

இரண்டு நாளாக வேனில் அவர்கள் ஒருவரை ஒருவர் திட்டிக்கொண்டதைக் கேட்டவன் ஷாஜி. பாதிப் பேர் தெரியும். என் தலைக்கு மேலிருந்த சந்தில் வாயை வைத்து, படகுக்காரன் அக்கரைக்குக் கூவுவதுபோல் கூப்பிட்டான்.

"சுந்தரண்ணா..."

சுந்தரின் கை கல்லின் மேல் நின்றது.

"சுந்தரண்ணா, அவ்விட உண்டோ?"

"ஆங்," என்றார் சுந்தர். "இருக்கேன்."

"கவிதக்கா..."

"இருக்கேன் தம்பி."

"ஜன்னல் சீட்டு அத்தே..."

"இருக்கேன்யா. எம் பேரு பாண்டியம்மா."

"வளைவுல வாந்தி எடுத்த சித்தப்பா..."

யாரோ சிரித்தார்கள். சித்தப்பா கோபமாக, "இருக்கேன்" என்றார்.

எட்டுப் பேரையும் கூப்பிட்டு முடித்தபோது சுந்தர் கல்லை விட்டுவிட்டு, கவிதாவையும் தள்ளி அழைத்துப்போய், எதிர்ச் சுவரோரம் உட்கார்ந்திருந்தார். வெளியே ஆள் இருக்கிறது, தன் பெயரை அந்த ஆளுக்குத் தெரியும். அவ்வளவுதான் அவருக்கு வேண்டியிருந்தது. நான் இரண்டு நாளாக அவரை எண்ணிக்கொண்டிருந்தேனே தவிர ஒருமுறை கூடப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை.

பிறகு, போகவும் வழியில்லாததால், அந்த மீதிச் சரித்திரத்தைச் சொன்னேன். கையை உயர்த்தாமல் சொன்னேன். அது ஏற்கெனவே உயர்ந்துதான் இருந்தது.

கூப்புக் காண்டிராக்டருக்கு, அதாவது மரம் வெட்டக் குத்தகை எடுத்தவருக்கு, தன்னிடம் எத்தனை தலை இருக்கிறது என்பது தெரியும், யார் என்பது தெரியாது. அம்மை கண்ட தலைகளை இங்கே போட்டுவிட்டு, குறைந்த எண்ணிக்கைக்குப் புது ஆள் பிடித்தார். வாசலை யாரும் அடைக்கவில்லை. எழுந்து போக முடியாதவர்களுக்கு வாசலை எதற்கு அடைக்க வேண்டும்? பக்கத்துக் காட்டுக் குடியில், முன்பே அம்மை வந்து பிழைத்தவர்கள் சிலர் இருந்தார்கள். தங்கம்மாவின் அப்பூப்பனும் அவர்களில் ஒருவர். அவர்கள் சாயங்காலமானால் கஞ்சியோடு வந்து வெளிப் பாறையில் நின்று பெயரைக் கூப்பிடுவார்கள். குரல் வந்தால் கஞ்சி உள்ளே போகும். குரல் வராவிட்டால் மறுநாள் காலை மண்வெட்டியோடு வருவார்கள். பெயர் தெரியாதவர்களை ஊர் சொல்லிக் கூப்பிட்டார்கள்.

சொல்லி முடித்தபோது யாரும் கன்னத்தில் கை வைக்கவில்லை.

நான் அதோடு நிறுத்தியிருக்கலாம். நிறுத்தினால் நான் வழிகாட்டி இல்லை. அம்மை நோயின் வரலாறு, மரம் மலையிறங்கித் துறைமுகம் போன பாதை என்று தொடர்ந்தேன். பின்னாலிருந்து ஷாஜி, "சாரே, ஒரு காரியம்" என்றான்.

"என்ன?"

"சார் வர்த்தமானம் பறையும்போ வயிறு வீங்குது. ஒவ்வொரு வாக்குக்கும் வீங்குது. நான் நோக்கிட்டே இருக்கேன். ஒரு நிமிஷம் மிண்டாதிரி."

மிண்டாதிரி என்றால் வாயை மூடு. வாழ்க்கையில் அதற்குமுன் யாரும் எனக்கு அதைச் சொன்னதில்லை என்று சொல்ல மாட்டேன், ஆனால் சொன்னவர்கள் யாரும் என் அக்குளுக்கடியில் துண்டைக் கொடுத்து இழுக்கத் தயாராக இருந்ததில்லை. பேச்சை நிறுத்தினேன். மூச்சை முழுதாக விட்டேன். ஷாஜி மேல்நோக்கி இழுத்தான். உள்ளேயிருந்து சுந்தர் வந்து முட்டியைப் பிடித்துத் தூக்கினார். சட்டைப் பொத்தான்கள் எல்லாவற்றையும் அந்தப் பாறைக்குக் கொடுத்துவிட்டு வெளியே வந்து விழுந்தேன்.

ஒவ்வொருவராக ஒருக்களித்து வெளியே வந்தார்கள். நான் எண்ணவில்லை. பெயர் சொன்னேன். சித்தப்பாவின் பெயர் மட்டும் தெரியவில்லை. கேட்டுத் தெரிந்துகொண்டேன். முத்துராமன்.

கீழே சாயாக்கடையில் ஷாஜி நடந்ததையெல்லாம் தங்கம்மாவுக்கு நடித்துக் காட்டினான். என் பாகத்துக்கு இரண்டு பெஞ்சுகளுக்கு நடுவில் மாட்டிக்கொண்டு நின்றான். மதுரைக்காரர்கள் இப்போது தாராளமாகச் சிரித்தார்கள். சிரிப்பு அடங்கியதும் பாண்டியம்மா அத்தை கேட்டார்: "ஊர் சொல்லிக் கூப்பிட்டாங்கன்னாரே. என்னென்ன ஊரும்மா?"

தங்கம்மா சாயா ஆற்றிக்கொண்டே சொன்னார். "அப்பூப்பன் சொன்னது கம்பத்துக்காரன், போடிக்காரன். ஒரு மதுரைக்காரனும் உண்டு."

அத்தை கிளாஸைக் கீழே வைத்தார். "அவரு பதில் சொன்னாரா?"

"கொஞ்ச நாள் சொன்னாராம்."

சுந்தர் எழுந்து கடைக்கு வெளியே போய், குகை இருந்த பக்கத்தைப் பார்த்து நின்றார். இதுல என்ன இருக்கு என்று அவர் கேட்கவில்லை. திரும்பி வந்து எனக்கும் சேர்த்து இன்னொரு சாயா சொன்னார்.

ஆகவே உங்களுக்கு நான் சொல்ல வருவது இதுதான். கதைக்கு உப்புப் போடுங்கள், வேண்டாமென்று சொல்ல எனக்கு யோக்கியதை இல்லை. ஆனால் விருந்தாளிக்கும் வெளிச்சத்துக்கும் நடுவில் போய் நிற்காதீர்கள். காலையில் எழுந்ததும் கொஞ்சம் உண்மையைத் தனியே எடுத்து மடியில் முடிந்துகொள்ளுங்கள், சாயங்காலம் வேண்டியிருக்கலாம். தலையை எண்ணுவதோடு நிறுத்தாமல் பெயரையும் கேட்டு வையுங்கள். வாந்தி எடுத்தவருக்கும் ஒரு பெயர் உண்டு.

அன்று வேனில் ஏறும்முன் நான் தங்கம்மாவிடம் போனேன். உருக்கமாக இருந்தேன். சட்டையை ஒரு கையால் பிடித்துக்கொண்டு, "சேச்சி, உங்க அப்பூப்பன்தான் இன்னிக்கு எங்களைக் காப்பாத்தினாரு. அந்தப் பேர் கூப்பிடுற வழக்கம் எவ்வளவு பெரிய விஷயம்னு எனக்கு இன்னிக்குத்தான் புரிஞ்சது" என்று ஆரம்பித்து, அதைப் பற்றி விரிவாகவே பேசினேன்.

அவர் கிளாஸைக் கழுவி முடிக்கும்வரை கேட்டுக்கொண்டிருந்தார்.

"அப்பூப்பன் பேரு விளிச்சது, உள்ளே உள்ளவங்க சத்தம் நின்னுபோச்சோன்னு பயந்திட்டு," என்றார். "சாரோட காரியத்துல அந்தப் பயமே வேண்டா."